கணினிக்குப் பெயர் ஒன்று, வாசல் பல

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தைக் காணச் சென்றவர்களுக்கு ஊர் நன்கு பழக்கமாயிருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊர்க் கடற்கரையில் ஒலிபெருக்கி ஒன்று நாள்தோறும் பேசியது. அது தேர்தல் பிரசாரமுமன்று, திரைப்படப் பாட்டுமன்று. அடுத்த ஒரு நாளில் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை அது மீனவர்களுக்குச் சொன்னது.

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து! எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். எம்பலம், கிழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளை மையங்கள். நடு மையத்தில் இருந்த கணினி தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு பேசும். கிராமங்களில் அக்காலத்துத் தொலைபேசியை நம்ப முடியாதாகையால், நடு மையத்துக்கும் கிளைகளுக்கும் இடையே வி.எச்.எஃப். வானொலி அலைகளையும் பயன்படுத்தினார்கள். வந்து சேர்ந்த அலை உயரச் செய்தி தமிழில் பேச்சாக மாறி, ஒலிபெருக்கி வழியே கரையை எட்டும். இன்று இத்தகைய முன்னறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையமே வெளியிடுகிறது.

இந்தச் சங்கிலியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வில்லியனூர்க் கணினிக்கு இரண்டு வாசல்கள். ஒன்று உலகத்தை நோக்கியது. மற்றொன்று கிராமத்தை நோக்கியது. முதல் வாசல் அடைபட்டால் புதுச் செய்தி வராது. ஆனால் கிராமங்களோடு பேசலாம். இரண்டாவது அடைபட்டால் செய்தி வில்லியனூரிலேயே கிடக்கும். மீனவர் வெறுங்கையோடு கடலைப் பார்ப்பார். ஆகவே 'கணினி வேலை செய்யவில்லை' என்று பொதுப்படச் சொல்வதில் பொருளில்லை. எந்த வாசல் என்று கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு மேசைமேல் இருக்கும் லினக்ஸ் கணினியும் இப்படிப்பட்டதுதான். அதற்கு ஒரு பெயர் உண்டு. பல வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனி முகவரி உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விளையும் தொல்லைகளே பெரும்பாலானவை. எனவே ஒவ்வொன்றாகப் பிரித்துக் காண்போம்.

வாசல்கள்

கருந்திரையில் எழுத்துகளைத் தட்டிக் கட்டளையிடும் 'டெர்மினல்' சன்னலைத் திறந்துகொள்ளுங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஐ, பி என்று இரண்டெழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஏ என்று ஓரெழுத்து. இவ்வளவுதான் கட்டளை. என்டர் விசையைத் தட்டியதும் கணினி தன் வாசல்களை எண்ணிட்டு வரிசையாகக் காட்டும். பாடநூல்கள் இவற்றை வலை இடைமுகங்கள் என்று கூறும்.

முதலாவதாக 'எல்ஓ' என்று ஒன்று தெரியும். இது ஒரு விந்தையான வாசல். வெளியே எங்கும் திறப்பதில்லை. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கானது. இதன் முகவரி எல்லாக் கணினியிலும் 127.0.0.1 தான். 'தானே பேசிக்கொள்வதற்கு ஒரு வாசலா?' என்று சிரிக்காதீர்கள். ஒரே கணினியில் ஓடும் இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது இவ்வழியேதான் அனுப்புகின்றன.

அடுத்து 'இஎன்பி3எஸ்0' போன்ற ஒரு பெயர் இருக்கலாம். பார்த்தவுடன் மிரள வேண்டாம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இ, என் என்பது ஈதர்நெட், அதாவது கம்பி வழி இணைப்பு. பி3 என்பது கணினியின் உள்ளே மூன்றாம் எண்ணுள்ள தடம். எஸ்0 என்பது அத்தடத்தில் பூச்சியமாவது இடம். கம்பியில்லா வைஃபை வாசலாக இருந்தால் டபிள்யூ, எல் என்று தொடங்கும். முன்பெல்லாம் 'ஈத்0', 'ஈத்1' என்று எளிதாக வைத்திருந்தார்கள். கணினி விழித்தெழும்போது முதலில் கண்ணில் பட்டது 0, அடுத்தது 1. இதில் ஓர் இடர் இருந்தது. இரண்டு அட்டைகள் உள்ள கணினியில், இன்று 0 ஆக இருந்தது நாளை 1 ஆகிவிடலாம்! வில்லியனூர் மையம் போன்ற ஓரிடத்தில் உலக வாசலும் கிராம வாசலும் ஓரிரவில் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் பொருத்தப்பட்ட இடத்தைக் கொண்டே பெயரிடும் முறை வந்தது. நாவுக்குக் கடினமாக இருந்தாலும் அது மாறாது.

அதே வரிகளில், இரண்டிரண்டாக முக்காற்புள்ளியிட்டுப் பிரித்த பன்னிரண்டு குறிகள் தென்படும். 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் அதில் வரும். இது அந்த அட்டையின் வன்பொருள் முகவரி. 48 பிட் நீளமுள்ளது. இதன் முற்பாதி, செய்த நிறுவனத்தைக் குறிக்கும். தெருவுக்குள் ஒருவரையொருவர் அடையாளம் காண இது போதும். தெருவைத் தாண்டினால் இதற்கு மதிப்பில்லை. (உங்கள் கைபேசி இப்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு பொய் வன்பொருள் முகவரியைச் சொல்லும். போகுமிடமெல்லாம் தன்னைப் பின்தொடர்ந்து அடையாளம் காணாதிருக்கவே இந்த முகமூடி.)

கம்பியைப் பிடுங்கிவிட்டு மீண்டும் அதே கட்டளையை இடுங்கள். அந்த வாசலின் வரியில் 'நோ-கேரியர்' என்று வரும். மின்குறிகளைச் சுமந்துவரும் அலை இல்லை என்று பொருள். கம்பி தளர்ந்திருக்கும்போது அமைப்புகளை மாற்றி மாற்றி மணிக்கணக்கில் மல்லாடியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

முகவரி

இப்போது 'இனெட்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 192.168.1.23/24 என்பது போல ஒன்று இருக்கும். இதுதான் ஐ.பி. முகவரி. நான்கு எண்களும் ஒவ்வொன்றும் 8 பிட். ஆகவே ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரைதான் போக முடியும். மொத்தம் 32 பிட். 2இன் 32ஆம் அடுக்கு 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிய உலகில், ஆளுக்கு ஒன்றுகூடத் தேறாது! ஆதலால் 1996இல் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்கு வெளியுலகில் செல்லுபடி இல்லை. மாரியம்மன் கோயில் தெரு ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறதல்லவா? ஊருக்குள் சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை. அதுபோல உங்கள் வீட்டுக் கணினியும் அடுத்த வீட்டுக் கணினியும் ஒரே 192.168.1.23 என்ற முகவரியை வைத்திருக்கலாம்; சண்டை வராது. வெளியே போகும் கடிதங்களில் மட்டும் வீட்டு ரவுட்டர் தன்னுடைய பொது முகவரியை எழுதி அனுப்பிவிடுகிறது.

சாய்கோட்டுக்குப் பின் வரும் 24 என்ன? இதைப் பலர் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கணினி எடுக்கும் முதல் முடிவே இதைக் கொண்டுதான். 32 பிட்களில் முதல் 24 பிட்கள் தெருவின் பெயர். மிஞ்சிய 8 பிட்கள் வீட்டு எண் என்பது இதன் பொருள். அதாவது முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால் ஒரே தெரு. 192.168.1.40க்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் உங்கள் கணினி தன் முகவரியோடு ஒப்பிடும். 192.168.1 வரை ஒன்றே. ஆகவே தெருவில் நின்று, '40 யாரப்பா? உன் வன்பொருள் முகவரியைச் சொல்' என்று உரக்கக் கேட்கும். உரியவர் பதில் சொன்னதும் நேரே கொடுத்துவிடும். 192.168.2.40 என்றால் தெரு வேறு. தானே முயலாமல், தெருமுனையில் இருக்கும் ரவுட்டரிடம், அதாவது 'கேட்வே' எனப்படும் நுழைவாயிலிடம், ஒப்படைத்துவிடும்.

இப்போது யாரோ தவறுதலாக 24க்குப் பதில் 16 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு எண்கள் ஒத்தாலே ஒரே தெரு என்று கணினி நம்பிவிடும். 192.168.2.40ஐத் தன் தெருவிலேயே கூவிக் கூவித் தேடும். அவர் அங்கே இல்லை, பதில் வராது. இணையம் முழுவதும் நன்றாக வேலை செய்யும். அந்த ஒரு தெரு மட்டும் கிட்டாது. எவ்வளவு விசித்திரமான நோய்! காரணம் ஒரே ஓர் எண்.

சரி, இந்த முகவரியை யார் கொடுத்தது? நீங்கள் எழுதவில்லையே! வீட்டு ரவுட்டருக்குள் டி.எச்.சி.பி. என்னும் ஓர் ஏற்பாடு ஓடுகிறது. தங்கும் விடுதியின் மேலாளரைப் போல, வருபவர்க்கெல்லாம் காலியாக உள்ள அறையின் சாவியை ஒரு காலக்கெடு வைத்துக் கொடுக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். முகவரி கேட்கக் கடிதம் எழுத வேண்டும், கடிதம் எழுத அனுப்புநர் முகவரி வேண்டும், அதுதானே இல்லை! பெறுநர் யார் என்பதும் தெரியாது. பிறகு எப்படி? அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு அனுப்புகிறது கணினி. முன்னது 'இன்னும் பெயரற்றவன்' என்பதாகும். பின்னது 'இத்தெருவில் உள்ள எல்லாரும் கேளுங்கள்' என்பதாகும். இதைக் கேட்ட ரவுட்டர், 'இந்தா 23' என்று ஒரு முகவரியை முன்வைக்கிறது. 'சரி, 23ஐ எடுத்துக்கொள்கிறேன்' என்கிறது கணினி. 'பதிந்துகொண்டேன், இத்தனை மணி நேரம் உன்னுடையது' என்று முடிக்கிறது ரவுட்டர். நான்கே கடிதங்கள். நீங்கள் வைஃபை குறியைத் தொட்டுக் கண் இமைப்பதற்குள் இந்தப் பேரம் முடிந்துவிடுகிறது. இது முடியாமல் போனால் 'இனெட்' என்ற வரியே பெரும்பாலும் இராது. சில கணினிகள் தாமாக 169.254 என்று தொடங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால், 'மேலாளரைக் காணவில்லை' என்று புரிந்துகொள்ளுங்கள்.

கெடு வைத்துக் கொடுத்த முகவரி நாளை மாறலாம். பாட்டுக் கேட்கவும் பக்கம் பார்க்கவும் அதனால் பாதகமில்லை. ஆனால் வீட்டிலுள்ள மற்றவர்கள் தேடிவரும் கணினிக்கு, எடுத்துக்காட்டாக எல்லாருடைய புகைப்படங்களையும் சேமித்து வைத்திருக்கும் பழைய கணினிக்கு, நிலையான முகவரி வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், 'இந்த வன்பொருள் முகவரி உள்ளவர்க்கு எப்போதும் 50ஐயே கொடு' என்று எழுதிவைப்பது ஒன்று. கணினியிலேயே நெட்வொர்க் அமைப்புச் சன்னலில் ஐ.பி.வி.4 என்ற பகுதியில் 'மேனுவல்' என்பதைத் தேர்ந்து, முகவரி, தெரு அளவு, நுழைவாயில், பெயர் தேடித்தரும் டி.என்.எஸ். சேவையரின் முகவரி ஆகியவற்றை நிரப்புவது மற்றொன்று. எனக்கு முதல் வழியே பிடிக்கும். இரண்டாவது வழியில், நீங்கள் தேர்ந்த எண்ணையே ரவுட்டர் அறியாமல் வேறொருவர்க்கும் கொடுத்துவிடக்கூடும். அப்போது இரண்டு கணினிகளும் ஒரே வீட்டு எண்ணுக்குப் போட்டியிட, இரண்டுக்கும் இணைப்பு விட்டுவிட்டு மின்மினி போல எரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெர்மினலில் தட்டிச் சேர்த்த முகவரி, கணினியை அணைத்தவுடன் போய்விடும். அது கரும்பலகையில் எழுதியது. கோப்பில் எழுதியதே நிற்கும். அது நோட்டுப் புத்தகத்தில் எழுதியது. மேசைக் கணினிகளில் பொதுவாக 'நெட்வொர்க் மேனேஜர்' என்ற நிரல் இந்த நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கிறது. டெபியன் வழிவந்த பழைய அமைப்புகளில் 'இடிசி' அடைவுக்குள் இதற்கெனத் தனிக் கோப்பு உண்டு. ஒரு வாசலுக்கு ஒரு கணக்குப்பிள்ளைதான் இருக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் எழுதிவைத்துவிட்டு, எது வெல்லும் என்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

பெயர்

வாசலும் முகவரியும் கணினிகளுக்கு. பெயரோ மனிதர்களுக்கு. 'ஹோஸ்ட்நேம்' என்ற கட்டளையைத் தட்டினால் உங்கள் கணினி தன் பெயரைச் சொல்லும். லினக்ஸை நிறுவியபோது நீங்கள் கவனியாமல் விட்ட ஒரு கட்டத்தில் அது நிரப்பப்பட்டிருக்கும்.

பெயருக்கும் முகவரிக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள மறுபடி வீராம்பட்டினத்துக்கே போகலாம். அவ்வூரை அடுத்து ஆற்றங்கரையில் இருப்பது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, ரோமானிய உலகத்தோடு வாணிபம் நடந்ததற்கான பானை ஓடுகள் கிடைத்தன. இத்தாலியக் குயவர்களின் முத்திரைகளும், தமிழ்-பிராமி எழுத்துகளும் அவற்றில் காணப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது இந்த இடமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த மாலுமிக்குப் 'பொதுகே' என்ற பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? அந்தப் பெயர் எந்தக் கரையைக் குறிக்கிறது என்று சொல்லும் ஏடு ஒன்று கையில் வேண்டும். பெயர் பானையிலே இருக்கலாம். வழி ஏட்டில்தான் இருக்கிறது.

கணினிக்கும் அப்படியே. தொடக்க கால இணையமான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்தது. யாராவது புதுக் கணினி வைத்தால் அந்நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், ஒரே ஏட்டுக்குப் பதிலாக உலகெங்கும் பிரித்து வைத்த ஏடுகள் ஒன்றையொன்று கேட்டறியும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஆனால் பழைய ஏடு அழிந்துவிடவில்லை! உங்கள் லினக்ஸ் கணினியில் 'இடிசி' அடைவுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறு கோப்பு இருக்கிறதே, அது அந்தப் பழைய ஏட்டின் வழிவந்ததுதான். பெரும்பாலான கணினிகள் இன்றும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கின்றன.

பெயரை மாற்றுவது எளிது. நிர்வாக உரிமை பெற முதலில் 'சூடோ', அடுத்து 'ஹோஸ்ட்நேம்' என்ற சொல்லோடு சி, டி, எல் என்னும் மூன்றெழுத்துகளை ஒட்டியது, அடுத்து 'செட்-ஹோஸ்ட்நேம்', கடைசியில் உங்கள் புதுப் பெயர். இது பெயரை நோட்டுப் புத்தகத்திலேயே எழுதிவிடும். ஆனால் டெபியன், உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகைகளில் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் 127.0.1.1 என்ற வரிக்கு எதிரே பழைய பெயர் அப்படியே கிடக்கும். அதையும் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால், அடுத்த முறை 'சூடோ' தட்டியதும், 'இந்தப் பெயருடையவரின் முகவரி தெரியவில்லையே' என்று கணினி தன்னைப் பற்றியே முறையிடும் வேடிக்கையைக் காணலாம்.

பெயரிடுவதில் கவனக்குறைவு என்ன செய்யும் என்பதற்கு, என் ஆய்வகத்தில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு கணினியில் லினக்ஸை நன்றாக அமைத்துவிட்டு, அதன் வட்டை அப்படியே படியெடுத்து மற்ற பதினொன்றிலும் போட்டோம். வேலை மிச்சம் என்று எனக்குப் பெருமை. பன்னிரண்டுக்கும் ஒரே பெயர் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மாணவர்கள் ஊசல் பரிசோதனை அளவீடுகளை, 'பிசிக்ஸ்லேப்' என்ற பெயரைத் தேடி, அதற்குள் சேமித்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை ஒருவருடைய அளவீடும் இல்லை! ஒரு மாணவி அழுதே விட்டாள். அவளுக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு.

நடந்தது இதுதான். வீட்டு அளவிலான வலைகளில் 'லோக்கல்' என்று முடியும் பெயர்களைக் கணினிகள் தமக்குள்ளேயே கேட்டு அறிந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. ஒரே பெயரை இரண்டு பேர் சொன்னால், பிந்தி வந்தவர் தன் பெயரோடு 2 என்று சேர்த்துக்கொள்வார்; அடுத்தவர் 3. ஆகவே அன்றன்று எந்தக் கணினியை முதலில் போடுகிறோமோ, அதுவே 'பிசிக்ஸ்லேப்'! வெள்ளியன்று சன்னலோரக் கணினிக்கு அந்தப் பட்டம். திங்களன்று கதவோரக் கணினிக்கு. அளவீடுகள் சன்னலோரத்தில் பத்திரமாகவே இருந்தன. கண்டுபிடிக்க மாலை நான்கு மணி ஆயிற்று. மறுநாளே பன்னிரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டி, மேல்மூடியில் தாளிலும் எழுதி ஒட்டினேன்.

என்ன பெயர் வைக்கலாம்? ஆங்கில எழுத்துகள் 26, எண்கள் 10, நடுவில் வரும் சிறுகோடு ஆகியவை மட்டுமே செல்லும், 63 குறிகளுக்கு மேல் கூடாது, இடைவெளி கூடாது. தமிழில் வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் முடியாது. ஆனால் லினக்ஸ் 'அழகுப் பெயர்' என்று இன்னொன்றையும் வைத்துக்கொள்ள விடுகிறது. மேற்சொன்ன கட்டளையிலேயே 'செட்-ஹோஸ்ட்நேம்' என்பதை அடுத்து இரட்டைக் கோடிட்டுப் 'பிரெட்டி' என்று சேர்த்து, மேற்கோள் குறிக்குள் 'கயல்விழி வீட்டுக் கணினி' என்று தமிழிலேயே எழுதலாம். வலையில் தேட அது உதவாது. மனிதர் கண்ணுக்கு மட்டும்.

இழை அறுந்தால்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலை. வீராம்பட்டினத்தில் கடல் ஊரை நோக்கி வந்தபோது, மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரித்து மக்களை வெளியேறச் சொன்னார்கள். அருகே நல்லவாடு என்ற ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல, அங்கும் ஒலிபெருக்கி முழங்கியது; மக்கள் ஓடித் தப்பினர். அன்று அலை உயரம் பற்றி எந்த இணையதளமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி, ஊருக்குள்ளேயே இருந்த கண்ணி, தனித்து வேலை செய்தது.

வீட்டு வலையிலும் உள்கண்ணி வேறு, வெளிக்கண்ணி வேறு. புயல் மழையில் இணையம் அறுந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை, ஒரு கணினி மற்றொன்றோடு பேசும். எந்தக் கண்ணி அறுந்தது என்று அறியப் 'பிங்' என்ற கட்டளை இருக்கிறது. 'அங்கே இருக்கிறாயா?' என்று சிறு செய்தி அனுப்பி, 'இருக்கிறேன்' என்ற பதில் வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அது காட்டும். நிறுத்த வேண்டுமானால் கன்ட்ரோல் விசையோடு சி.

உள்ளிருந்து வெளியே செல்லுங்கள். முதலில் 127.0.0.1. பதில் வந்தால் கணினியின் வலை நிரல்கள் நலம். அடுத்து நுழைவாயில், பெரும்பாலும் 192.168.1.1. பதில் வந்தால் வாசல், கம்பி, முகவரி எல்லாம் நலம். அடுத்து 8.8.8.8 என்ற, கூகுள் நிறுவனம் நடத்தும் பொதுச் சேவையகம். இதற்கும் பதில் வந்தால் வெளிக்கண்ணியும் நலம். கடைசியாக ஒரு பெயரைக் கொடுத்துப் பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால், அறுந்தது பாதையன்று, பெயர் ஏடுதான். டி.என்.எஸ். முகவரியைச் சரிபார்த்தால் போதும். 'இன்டர்நெட் போச்சு' என்று வீடே கூச்சலிடும் பல வேளைகளில் போனது இந்த ஏடு மட்டும்தான்.

பிங் காட்டும் நேரத்தைக் கொண்டு நல்லதொரு இயற்பியல் கணக்கும் போடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது; அதாவது 1 மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போக வர 300. ஆகவே சென்னையில் இருக்கும் ஒரு கணினி 1.5 மில்லி விநாடிக்குள் நமக்குப் பதில் தரவே முடியாது. நடுவில் உள்ள ரவுட்டர்கள் எடுக்கும் நேரமும், கம்பி சுற்றிவரும் தூரமும் சேர்ந்து அதைவிட அதிகமாகத்தான் ஆகும்.

இனி 8.8.8.8க்கு உங்கள் வீட்டில் வந்த நேரத்தைப் பாருங்கள். கூகுள் அமெரிக்க நிறுவனம். நியூயார்க் நகரம் இங்கிருந்து சுமார் 13,000 கிலோமீட்டர். போக வர 26,000. அங்கிருந்து பதில் வர 130 மில்லி விநாடியாவது வேண்டும். உங்கள் திரையில் 20 என்று இருந்தால், பதில் சொன்ன கணினி 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வழியேயில்லை. ஒரே எண்ணைப் பல நாடுகளில் உள்ள கணினிகளுக்குக் கொடுத்து, அருகில் இருப்பது பதில் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் பத்துப் பத்து முறை பிங் செய்து, கிடைக்கும் மிகக் குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், குறைந்ததே தூரத்துக்கு நெருக்கமானது. அதை 100ஆல் பெருக்கினால், பதில் சொன்னவர் எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிறார் என்பது கிடைத்துவிடும்.